ராஜா பாயலாமா, கூடாதா

மிராசுதார் வீட்டுச் சதுரங்க மெஷின் ரிப்பேருக்கு என்னிடம் வந்தபோது அதற்கு ஒரு வியாதியும் இல்லை. வியாதி மிராசுதாருக்குத்தான். அதை அவரிடம் சொல்ல ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கும் கிடையாது, ஏனென்றால் எனக்கு அவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வலங்கைமான் பக்கத்தில் ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் ஸ்டாப், சுவரெல்லாம் கட்சிச் சின்னம் என்று இருந்த ஊர் எங்களுடையது. நான் கும்பகோணத்தில் கணக்கு படித்து, மேலே ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்து, பேங்க் லோனில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, எங்கள் தெருவில் தகரக் கொட்டகை போட்டு வகுப்பு ஆரம்பித்திருந்தேன். எங்கள் தெரு என்றால் அறுப்பு அறுக்கிறவர்கள், நடவு நடுகிறவர்கள் தெரு. பெரிய தெருப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால், அவர்களைப் பெற்றவர்கள் "ரொம்ப தூரமா இருக்கேம்மா" என்பார்கள். ஒரு கூப்பாடு போட்டால் கேட்கும் தூரம். பிள்ளைகள் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிப் போவார்கள், இங்கே நடந்து வரமாட்டார்கள். ஆக, கடைத்தெருவில் ஓர் அறை கிடைத்தால் என் பிழைப்பு ஓடும், கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு மெட்ராஸுக்குப் போய் யாருக்காவது டைப் அடிக்க வேண்டியதுதான்.

கடைத்தெருவில் காலியாக இருந்தது ஒரே ஓர் அறை. பஸ் ஸ்டாப்பை ஒட்டி, மிராசுதாரின் பழைய உரக் கிடங்கு. யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். டெய்லர் கேட்டார், சைக்கிள் கடைக்காரர் கேட்டார், ஆளுங்கட்சிக்காரர்களும் கேட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்களும் கேட்டார்கள். குத்தகைக்காரரைக் கிளப்ப முடியாதபடி சட்டம் வந்ததிலிருந்து அவருக்கு ஒரே பயம். பாதி நிலம் அப்படித்தான் போயிற்று என்பது அவருடைய கணக்கு. "இவங்க ஆட்சியில கதவைத் திறந்து தண்ணி குடுத்தா, சொம்போட வீடும் போயிடும்" என்று சொல்லிக்கொண்டு கிடங்கைப் பூட்டியே வைத்திருந்தார். உள்ளே பெருச்சாளி குடியிருந்தது. அதற்குப் பட்டா கேட்கத் தெரியாதே.

போதாக்குறைக்கு நான் என் அப்பாவின் மகள். நான் குழந்தையாக இருந்தபோது, அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு மிராசுதாரின் களத்தில் செங்கொடியோடு நின்றவர்களில் என் அப்பா முதல் ஆள். மிராசுதார் கேஸ் கொடுத்தார். அப்பா திருச்சி ஜெயிலுக்குப் போனார். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. எதிரெதிரே வந்தால் இருவருமே வாய்க்காலைப் பார்ப்பார்கள். தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ.

அந்த மிராசுதாரின் காரியக்காரர், அதாவது நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறவர், ஒருநாள் காலையில் எங்கள் கொட்டகைக்கு வந்தார். கையில் துண்டு சுற்றிய ஒரு பலகை. அமெரிக்காவில் இருந்த மகன் அப்பாவுக்குப் பொழுதுபோக அனுப்பியது. பார்க்கச் சாதாரணச் சதுரங்கப் பலகை போலத்தான் இருந்தது, ஆனால் ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். காயை எடுத்து வைக்கும்போது கட்டத்தை லேசாக அழுத்தினால் அதற்குப் புரிந்துவிடும். யோசித்து, தான் நகர்த்த வேண்டிய கட்டத்தில் விளக்கைப் போடும். நாலு பேட்டரி போட்டால் போதும்.

"பழுதாயிடுச்சும்மா. நடுவுல நடுவுல கத்துது. ஐயா ஒழுங்காத்தான் ஆடுறாரு, இது ஒத்துக்க மாட்டேங்குது" என்றார் காரியக்காரர்.

இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். பழுதெல்லாம் ஒன்றுமில்லை, என்னை இரண்டு ஆட்டத்திலும் துவைத்துக் காயப்போட்டது. "ஐயா என்ன ஆடினப்போ கத்துச்சு?" என்று துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மிராசுதார் ஆடுவது எங்கள் பக்கத்துப் பழைய ஆட்டம். அதில் ராஜா ஆட்டத்துக்கு ஒரு தடவை குதிரை மாதிரி பாயலாம். சிப்பாய் எதிர்க்கரை சேர்ந்தால் நினைத்த காயாக மாறாது, எந்தக் காயின் வரிசையில் கரை ஏறியதோ அந்தக் காயாகத்தான் மாறும். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் ராஜாவைப் பாய வைத்தவுடன் அது 'பீப் பீப்' என்று கத்தியிருக்கிறது. அவருக்கு எதிரே யாரும் குரல் உயர்த்தி வருஷக்கணக்காகியிருந்தது. அதனால் மெஷின் பழுது என்று முடிவு கட்டிவிட்டார்.

மெஷினை இரண்டு நாள் வைத்துக்கொண்டேன். ரிப்பேருக்கு அல்ல, எனக்கு நப்பாசை. என் கம்ப்யூட்டரிலும் ஒரு சதுரங்க புரோகிராம் இருந்தது. ஒரு பத்திரிகையில் பக்கம் பக்கமாக அச்சிட்டிருந்ததை வரி விடாமல் டைப் அடித்து ஏற்றியிருந்தேன். இரண்டையும் மோத விட்டால் என்ன? நடுவில் உட்கார்ந்து, பலகை போட்ட விளக்கைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பேன். கம்ப்யூட்டர் சொன்னதைப் பலகையில் அழுத்துவேன். பலகை சட்டென்று பதில் சொல்லும். கம்ப்யூட்டர் யோசிக்கிற நேரத்துக்குள் நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கையும் கழுவிவிட்டு வந்துவிடலாம். அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு மெஷினும்தானே ஆடுது, நடுவுல ஒனக்கு என்னடி வேலை?" என்றாள். நியாயமான கேள்வி.

எல்லா ஆட்டத்திலும் பலகைதான் ஜெயித்தது. அதில் எனக்கு வருத்தம் கூட இல்லை, கோபம்தான் வந்தது. என் கம்ப்யூட்டர் அதைவிடப் பத்து மடங்கு பெரிசு, அதைவிட விலையும் அதிகம். ஆனால் அந்தப் பலகைக்குள் இருந்த சில்லுக்கு வேறு வேலையே கிடையாது. சதுரங்கம் ஒன்றுதான் அதன் படிப்பு, பிழைப்பு, ஜாதகம். என் கம்ப்யூட்டரோ காலையில் மார்க் ஷீட் அடிக்கும், மத்தியானம் கல்யாணப் பத்திரிகை போடும், இடையில் கூப்பிட்டு 'வா, ஆடு' என்றால் அது என்ன செய்யும்? கரண்ட் போனால் ஆடிய ஆட்டமும் மறந்துபோகும். பலகையை அணைத்துவிட்டு அடுத்த நாள் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் என் கை ஓங்கியது. பலகைக்குள் இருந்த சட்டம் தொழிற்சாலையிலேயே சுட்டு வைத்த செங்கல் மாதிரி, அதை யாராலும் மாற்ற முடியாது. என் புரோகிராமின் சட்டம் ஈரக் களிமண். இரண்டு வரி மாற்றினால் ராஜா பாய்வார்.

இதைச் சொல்லத்தான் பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நானே மிராசுதார் வீட்டுக்குப் போனேன். என்னிடம் எப்படிப் பேசுவது என்பதில் அவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பழைய வழக்கப்படி 'வாடி போடி' என்று சொல்ல முடியாது, டிகிரி தடுக்கும். 'வாங்க' என்று சொல்லவும் வாய் வராது. அதனால் ஆளே இல்லாத மாதிரி ஒரு பேச்சு வைத்திருந்தார்.

"பாத்தாச்சா? சரியாயிடுச்சா?"

"சரி பண்ண ஒண்ணும் இல்லீங்க. அதுக்கு நம்ம ஊர் ஆட்டம் தெரியாது. சொல்லிக் குடுக்கவும் முடியாது. என் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கலாம்."

"பாய்ச்சல் தெரியுமா அதுக்கு?"

"நான் சொன்னா தெரியும்."

அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. ஊரில் அந்த ஆட்டம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருப்பவர்களில் அவருக்குச் சமமாக உட்கார அவர் விடுகிற ஆள் கிடையாது. நான் சமயம் பார்த்து, கம்ப்யூட்டர் வைக்கத் தூசியில்லாத இடம் வேண்டும், உங்கள் கிடங்கு இருந்தால் தேவலை என்று ஒரு கல்லை எறிந்தேன். ஓரத்தில் நின்ற காரியக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. மிராசுதார் பலகையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு, "கிடங்குல கொண்டாந்து வைக்கலாம். ஒரே ஒரு ஆட்டம். நம்ம சட்டப்படி கடைசி வரைக்கும் அது ஆடிட்டா அறை வாடகைக்கு. ஆடலேன்னா அன்னைக்கே காலி" என்றார்.

அவருடைய சட்டங்களைக் காரியக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு இடத்தில் அவருக்கும் தெரியவில்லை. செக் வைத்த பிறகு ராஜா பாயலாமா, கூடாதா? வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். அப்பாவுக்கு இந்த ஆட்டம் தெரியும், ஜெயிலில் கற்றது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "முதல் செக்குக்குப் பாயலாம். ஓட வழி இல்லாதப்பத்தானே ஓடணும்" என்றார். சரி என்று அப்படியே ஏற்றிவிட்டேன். யாருக்காக என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெருச்சாளியைக் கிளப்பி, கிடங்கைக் கழுவி, கம்ப்யூட்டரை ஒரு மேஜையில் வைத்தேன். காய் வைத்து ஆட மிராசுதாரின் பலகையையே கொண்டு வந்தார்கள். ராஜா பாய்ந்தால் கத்துமே என்று அதை அணைத்து வைத்தோம். மகன் டாலர் கொடுத்து வாங்கிய மூளை தூங்கியது, மரப்பலகை மட்டும் வேலை பார்த்தது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். அப்பாவும் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே கைகட்டி நின்றார்.

ஆட்டம் நன்றாகவே போயிற்று. எத்தனை நகர்த்தல் முன்னே யோசிக்க வேண்டும் என்ற ஆழத்தை நான் குறைத்து வைத்திருந்ததால் கம்ப்யூட்டரும் சீக்கிரம் பதில் சொன்னது. மிராசுதார் ஒவ்வொரு பதிலுக்கும் "ம்ம்" என்றார். ஒரு தடவை "கெட்டிக்காரப் பய" என்றே சொல்லிவிட்டார். நான் மனசுக்குள் போர்டு எழுத ஆரம்பித்துவிட்டேன், எந்தக் கலரில் என்பது வரைக்கும்.

அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போட்டவர்களெல்லாம் பம்ப்செட்டை நம்பித்தான் போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு மும்முனை கரண்ட் விட்டார்கள். சுற்று வட்டாரத்து மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தன. தலைக்கு மேலே குண்டு பல்பு மஞ்சளாகி, சிவப்பாகி, வெறும் கம்பியாகத் தெரிந்தது. என் கம்ப்யூட்டர் ஒரு முனகல் முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. ஊருக்கெல்லாம் இலவச கரண்ட், எனக்கு மட்டும் இல்லை.

"முடிஞ்சுதா?" என்றார் மிராசுதார். காரியக்காரர் சாவியை எடுத்தே விட்டார். யாரை அறைவது என்று எனக்குத் தெரியவில்லை.

"யானைய ரெண்டு கட்டம் ஏத்து."

வாசலிலிருந்து அப்பாவின் குரல். என்னிடம்தான் சொன்னார். கம்ப்யூட்டர் ஆட வேண்டிய முறை அது. நான் யோசிக்காமல் யானையை நகர்த்தினேன். மிராசுதார் வாசலைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். அவருக்கும் யானை ஏறியது பிடிக்கவில்லை போலும், உதட்டைக் கடித்துக்கொண்டு மந்திரியை இழுத்தார். அப்பா அடுத்ததைச் சொன்னார். இப்படியே நாலைந்து முறை போயிற்று. பேசாமலே இருந்த இரண்டு பேர், என் கையை நடுவில் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு மிராசுதார் செக் வைத்தார். அப்பா உள்ளே வந்தார். நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, ராஜாவைத் தன் கையாலேயே எடுத்துக் குதிரைப் பாய்ச்சலில் வைத்தார்.

"செக் சொன்ன பிறகு பாய்ச்சல் ஏது?" மிராசுதார் அப்போதுதான் நிமிர்ந்தார். "எந்த ஊர்ச் சட்டம் இது?"

"ஜெயில் சட்டம்."

"எந்த ஜெயில்ல?"

"நீங்க அனுப்பின ஜெயில்லதான்."

மிராசுதார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, ஆடு. ஆனா இது சட்டம் இல்ல. நான் காட்டுற தயவு."

"தயவு வேணாம். சட்டம்."

"தயவுதான்."

அரை மரக்காலுக்கும் இதே சண்டைதான் நடந்தது என்று அம்மா பிற்பாடு சொன்னாள். கொடுக்க அவர் தயார், கூலி என்ற பெயரில் இல்லாமல் 'ஐயா கொடுத்தது' என்ற பெயரில். அப்பா அந்தப் பெயரில் வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

அன்று ஆட்டம் முடியவில்லை. "யாரும் காயைத் தொடக்கூடாது, சாயந்தரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு மிராசுதார் போனார். கம்ப்யூட்டரை எடு என்று சொல்ல மறந்துவிட்டாரா, சொல்ல வேண்டாமென்று இருந்தாரா தெரியாது. நான் ஞாபகப்படுத்துவேனா? அடுத்த நாள் காலையில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். காரியக்காரர் வாசலில் நின்று, "ஐயா உள்ள விட்டுட்டாரே, இனிமே கிளம்புமா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயந்தரம் ஆட்டம் ஒரு கட்டத்துக்கு வந்தது. அப்பா தன் யானையை ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் மிராசுதாரின் ராஜாவுக்கு ஓட இடமில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. மிராசுதாருக்கும் தெரிந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

"வை" என்றார் மிராசுதார்.

"அறைக்கு எழுதிக் குடுங்க, வைக்கிறேன்."

வேலைநிறுத்தம் தெரியும், மறியல் தெரியும், சதுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். தினமும் சாயந்தரம் மிராசுதார் வருவார், அப்பா வருவார், இருவரும் உட்கார்ந்து அந்த யானையைப் பார்ப்பார்கள், இருட்டினதும் எழுந்து போவார்கள். டீக்கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். தோற்றேன் என்று அப்பாவிடம் சொல்ல மிராசுதாருக்கு வாய் வராது. வராமல் வீட்டிலேயே இருந்துவிடவும் முடியாது, பயந்து ஓடினார் என்பார்கள். தலைக்கு மேலே கத்தி தொங்குகிற ராஜாவோடு கடைத்தெருவில் எத்தனை நாள் உட்காருவார்? பஸ் கண்டக்டர்கூட இறங்கி வந்து, "வெச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் முத்திரைத்தாளோடு வந்தார். என் பெயருக்கு வாடகைப் பத்திரம், எங்கள் எல்லோர் முன்பும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முதல்ல ஆட்டம்."

அப்பா யானையை இழுத்தார். "செக்." அந்த ஆட்டத்தில் மிராசுதாரின் ராஜா வாங்கிய முதல் செக் அது. அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சாய்ந்து உட்கார்ந்து அவரை நான் பார்த்ததே இல்லை.

மிராசுதார் பலகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ராஜாவை எடுத்தார். குதிரைப் பாய்ச்சலில் ஒரே தாவு. தாவிய இடத்தில் செக் இல்லை, அது மட்டுமில்லை, ராஜா விலகிய வழியில் அவருடைய மந்திரி அப்பாவின் ராஜாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவின் பாய்ச்சல் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது, அவர் ராஜாவுக்கு ஓட வேறு இடமும் இல்லை.

அப்பா எழுந்துவிட்டார். "செக் சொன்ன பிறகு பாய்ச்சல் ஏது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், என்ன செய்ய? அந்தப் பலகையின் சில்லு ஒன்றுதான் ஊரிலேயே தன் சட்டத்தை மாற்றிக்கொள்ளாதது, அதையும் அணைத்து வைத்திருந்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "உன் பொட்டி என்ன சொல்லுது?" என்றார் அப்பா. "நீயே கேளு, அதைக் கேளு" என்றார் மிராசுதார். முதல் தடவையாக என்னை 'நீ' என்றாவது கூப்பிட்டார்.

நான் கையை நீட்டினேன். "முதல்ல பத்திரம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்பனுக்கு மேல இருக்கே" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரித்து, கையெழுத்தைச் சரிபார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். காய்கள் நின்ற நிலையைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். முதல் செக்குக்குப் பாயலாம் என்ற அந்த ஒரு வரியை மாற்ற எனக்கு எவ்வளவு நேரமாகும்? அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாற்றவில்லை.

"பாயலாங்க. அப்பா சொன்ன சட்டம்தான் உள்ள இருக்கு."

மிராசுதார் மெதுவாகத் தலையாட்டினார். ஜெயித்த சந்தோஷத்தில் அவர் குரல் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. "உன் சட்டம்தான்யா சரி. தயவு இல்ல, சட்டம்தான். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

அப்பா அந்த வார்த்தைக்காகத்தான் வாலிப வயசு முழுக்க அவர் களத்தில் நின்றார். அது வந்தது, தோற்கிற நேரத்தில், சதுரங்கத்துக்கு. முகம் கோணிப்போயிற்று அவருக்கு. சிரிக்கிறாரா என்று நான் உற்றுப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இதை அன்னைக்கே களத்துல சொல்லியிருந்தீங்கன்னா, இந்த ஆட்டமே எனக்குத் தெரியாம போயிருக்கும்" என்றார்.

மிராசுதார் குனிந்து, வெட்டுப்பட்ட காய்களைப் பொறுக்கி, இரண்டு பக்கத்துக்கும் அவரே அடுக்க ஆரம்பித்தார். அடுக்கி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அப்பா வாய்க்கால் ஓரமாக எங்கள் தெருவுக்கு நடந்துகொண்டிருந்தார்.